சக்கர பேரிங்: வீட்டில் எதுவரை, பட்டறையில் எது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஒரே பொருளைச் சுற்றியவற்றை இந்த இதழுக்குச் சேர்த்து எடுத்துக்கொண்டேன். காரின் சக்கர பேரிங் (சக்கரம் எளிதாகச் சுழலும்படி தாங்கும் வளையம்) தேய்ந்துவிட்டால் அதை வீட்டிலேயே மாற்ற முடியுமா என்பதே அவற்றின் மையம். பெரும்பகுதியை வீட்டில் செய்துகொள்ளலாம். ஒரு பகுதியை மட்டும் பிரஸ் (பாகங்களை அழுத்திப் பொருத்தும் எந்திரம்) உள்ள பட்டறைக்குக் கொண்டு செல்லத்தான் வேண்டும். அந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் சுத்தியலை எடுப்பவர்களே புதிய பேரிங்கையும் பாழாக்கிக்கொள்கிறார்கள்.

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக ஓடும் சிறிய கார் வைத்திருக்கிறேன். மணிக்கு 50 கி.மீ. தாண்டியதும் கீழிருந்து ஒரு முனகல் எழுகிறது. வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. ஒரு மெக்கானிக் டயர் என்கிறார், இன்னொருவர் பேரிங் என்கிறார். எதை மாற்றுவது? (பாலக்கோடு வாசகர்)

எதையும் மாற்றுவதற்கு முன், காசு செலவில்லாத சில சோதனைகளைச் செய்து பாருங்கள். ஓடும்போது கிளட்சை மிதித்து, இன்ஜின் வேகத்தைக் குறைத்த பிறகும் ஓசை அப்படியே இருந்தால் இன்ஜினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. புதிதாகத் தார் போட்ட சாலையில் அடங்கி, கரடுமுரடான பழைய சாலையில் பெருகினால் டயரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சாலை எப்படி இருந்தாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் பேரிங் என்று எண்ணலாம். நீண்ட வளைவில் வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது முனகல் ஓங்கினால் பெரும்பாலும் இடப்பக்க பேரிங்கும், இடப்பக்கம் திரும்பும்போது ஓங்கினால் வலப்பக்க பேரிங்கும் தேய்ந்திருக்கும். இதைக் கண்டறிவதற்காகத் தேசிய நெடுஞ்சாலையில் வண்டியை இடமும் வலமுமாக வெட்டி ஓட்ட வேண்டாம். வழக்கமாகச் செல்லும் வழியிலுள்ள வளைவுகளிலேயே காதைக் கொடுத்துக் கேட்டால் போதும்.

அதன்பின் முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் பூட்டிப் பாருங்கள். ஓசையும் இடம் மாறினால் குறை டயரில் உள்ளது. ஓசை இருந்த இடத்திலேயே இருந்தால் டயரை விட்டுவிடலாம். நான்கு டயர்களுக்கும் பணம் கொடுக்கும் முன் எல்லோரும் செய்ய வேண்டிய சோதனை இது. செய்பவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தமாக இருக்கிறது.

கடைசியாக, ஐயத்துக்குரிய சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்துக் கையால் சுழற்றுங்கள். மற்றொரு கையின் விரல்களை அந்தச் சக்கரத்தின் மேலுள்ள காயில் ஸ்பிரிங்கில் வைத்தால், தேய்ந்த பேரிங்கின் நறநறப்பு விரலில் தெரியும். பிறகு டயரின் உச்சியிலும் அடியிலும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், உள்ளே ஒருவரை அமர்த்தி பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள்: ஆட்டம் நின்றுவிட்டால் அது பேரிங்கின் ஆட்டம், நிற்காவிட்டால் சக்கரத்தைக் கீழ்க் கையோடு இணைக்கும் பால் ஜாயின்ட் பக்கம் பார்க்க வேண்டும். முன் சக்கரத்தை இடம் வலமாகப் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்ட் தேய்ந்திருக்கும். ஆட்டமே இல்லை என்பதற்காகப் பேரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இக்காலத்து இரட்டை வரிசை பேரிங்குகள் ஆட்டம் காட்டுவதற்கு வெகுநாள் முன்பே ஓசை காட்டத் தொடங்கிவிடும்.

கேள்வி: முன் சக்கர பேரிங்கில்தான் ஓசை என்பது உறுதியாகிவிட்டது. அடுத்த வாரம் குடும்பத்துடன் சேலம் செல்ல வேண்டியிருக்கிறது. போய் வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாமா? (பென்னாகரம் வாசகர்)

மாற்றிய பிறகு செல்லுங்கள். தேய்ந்த பேரிங் பெரும்பாலும் திடீரென்று உடைவதில்லை, பல நாள் ஓசை கொடுத்து எச்சரிக்கும் என்பது உண்மைதான். அந்தப் பல நாளில் நீங்கள் எத்தனையாவது நாளில் இருக்கிறீர்கள் என்பதை யாராலும் சொல்ல இயலாது. இதைவிட முக்கியமான, பலர் அறியாத காரணம் ஒன்று உண்டு. பேரிங்கில் ஆட்டம் வந்துவிட்டால், சக்கரத்தோடு சேர்ந்து பிரேக் டிஸ்க்கும் பக்கவாட்டில் ஆடி, இருபுறமும் உள்ள பிரேக் பேடுகளைக் காலிப்பருக்குள் (பேடுகளைப் பிடித்து டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) சற்றே தள்ளிவிடும். அடுத்த முறை பிரேக்கை மிதிக்கும்போது, தள்ளப்பட்ட அந்த இடைவெளியை நிரப்பிய பிறகே பேடு டிஸ்க்கைத் தொடும். பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் வழியில் தொப்பூர் கணவாயின் இறக்கம் உள்ளது. பாரம் ஏற்றிய லாரிகள் முன்னும் பின்னும் வர, வளைந்து இறங்கும் அந்தச் சாலையில் விபத்துகள் நேர்வது நம் மாவட்டத்தார் எல்லோருக்கும் தெரியும். அங்கே முதல் மிதிப்பில் பிரேக் பிடிக்காத வண்டியில் குடும்பத்தை ஏற்றிச் செல்லக் கூடாது. பயணத்தைத் தள்ளிப் போட இயலாவிட்டால் பேருந்தில் சென்று வாருங்கள்.

கேள்வி: என்னிடம் ஸ்பேனர் செட், ஜாக்கி எல்லாம் இருக்கின்றன. முன்சக்கர இயக்கமுள்ள என் காரின் முன் பேரிங்கை நானே மாற்ற விரும்புகிறேன். பழைய பேரிங்கைச் சுத்தியலால் தட்டி எடுத்து, புதியதையும் அப்படியே தட்டி இறக்கலாம் என்கிறார் நண்பர். சரியா? (கிருஷ்ணகிரி வாசகர்)

உங்கள் ஆர்வத்தை மனமாரப் பாராட்டுகிறேன். நண்பரின் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். காரணத்தைச் சொல்லிவிட்டு வேலைக்கு வருகிறேன்.

பேரிங்கில் வெளிவளையம் ஒன்று, உள்வளையம் ஒன்று, இடையில் எஃகுக் குண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சிறிய கார்களின் முன் சக்கரத்தில், வெளிவளையம் நக்கிள் என்னும் வார்ப்பு இரும்பின் துளைக்குள் இறுக்கமாகவும், உள்வளையம் சக்கரம் பூட்டும் ஹப்பின் மேல் இறுக்கமாகவும் பொருந்துகின்றன. குண்டு வளையத்தைத் தொடும் இடம் மிகச் சிறிய புள்ளி. வெளிவளையத்தைத் துளைக்குள் இறக்க வேண்டிய நேரத்தில் உள்வளையத்தின் மேல் அடித்தால், அடியின் முழு விசையும் அந்தச் சிறு புள்ளிகளின் வழியே பாய்ந்து, வளையத்தின் ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகளைப் பதித்துவிடும். பூட்டிய அன்று வண்டி அமைதியாக ஓடும். சில மாதங்களில் அதே முனகல் திரும்பி வரும். வாங்கிய பேரிங் போலி என்று கடைக்காரரிடம் சண்டை நடக்கும். இன்னொன்றும் உண்டு. பேரிங் எஃகு மிகவும் கடினமாக்கப்பட்டது. நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் சில்லு தெறித்துக் கண்ணில் பாயக்கூடும். ஆகவே நக்கிளை வண்டியிலிருந்து கழற்றுவதையும் மீண்டும் பூட்டுவதையும் நீங்களே செய்யுங்கள். பேரிங்கை எடுத்து இறக்குவதற்கு ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறைக்குச் செல்லுங்கள். ஓசூர்த் தொழிற்பேட்டைகளை ஒட்டியும், கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் லாரி வேலை செய்யும் இடங்களிலும் விசாரித்தால் அத்தகைய பட்டறை கிடைக்கும்.

கழற்றும் வேலை இது. வண்டியின் சேசிஸ் எண்ணைச் சொல்லிச் சரியான பேரிங், புதிய சர்க்ளிப் (பேரிங் நகராமல் பிடிக்கும் வளையக் கிளிப்), புதிய ஆக்சில் நட் (டிரைவ் ஷாஃப்ட்டின் முனையில் இறுக்கும் பெரிய நட்) ஆகியவற்றை முதலிலேயே வாங்கிவிடுங்கள். வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடுவது நல்லதன்று. ஆக்சில் நட்டின் ஓரம் ஷாஃப்ட்டின் பள்ளத்துக்குள் அடித்து மடக்கப்பட்டிருக்கும். அதை நிமிர்த்தி, சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, நீளமான கைப்பிடியுடன் சாக்கெட்டைப் போட்டு இளக்கிக்கொள்ளுங்கள். இளக்குவதோடு நிறுத்துங்கள், அதன்பின் வண்டியை உருட்டக் கூடாது. வீல் நட்டுகளையும் சற்றுத் தளர்த்திய பிறகு ஜாக்கியால் தூக்குங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கானது, தாங்குவதற்கானது அன்று. நம் பகுதிச் செம்மண் தரையில், அதுவும் மழைக்குப் பிறகு, ஜாக்கியின் அடி புதைந்து சாய்வதற்கு நெடுநேரம் ஆகாது. செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் முட்டுக் கொடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அவை விரிசல் விடும்போது முன்னறிவிப்பு எதுவும் தருவதில்லை. சிமென்ட் தளத்தில் வண்டியை நிறுத்தி, தரையில் ஊன்றியிருக்கும் பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, இரும்பு ஸ்டாண்டின் மேல் வண்டியை இறக்கி, கழற்றிய சக்கரத்தையும் வண்டியின் ஓரத்துக்கு அடியில் தள்ளி வையுங்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் வாங்கும்வரை வேலையைத் தொடங்க வேண்டாம்.

சக்கரத்தை எடுத்ததும் பிரேக் காலிப்பரைக் கழற்றி, கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் அதன் பாரம் தொங்கக் கூடாது. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார் இருந்தால் அதன் போல்ட்டை எடுத்து, ஒயரைப் பிடித்து இழுக்காமல், சென்சாரின் உடலை மெல்ல அசைத்து வெளியே எடுங்கள். துருவில் ஒட்டிக்கொண்டிருந்தால் துரு நீக்கும் எண்ணெயை விட்டுக் காத்திருங்கள். டை ராடு எண்ட், கீழ்ப் பால் ஜாயின்ட், ஸ்ட்ரட்டைப் (ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) பிடிக்கும் இரண்டு போல்ட்டுகள் ஆகியவை அடுத்து வரும். ஸ்ட்ரட் போல்ட்டுகளைத் தளர்த்தும் முன் அவை இருக்கும் நிலையைப் பெயின்ட்டால் கோடிட்டுக் குறித்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது சக்கரத்தின் சாய்வு வெகுவாக மாறாது. டிரைவ் ஷாஃப்ட்டை நக்கிளிலிருந்து வெளியே தள்ளும்போது பழைய நட்டை மறையின் முனைவரை திருகிவிட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள், மறை நசுங்காது. ஷாஃப்ட்டை வெளிப்பக்கமாக இழுத்தால் உள் ஜாயின்ட் கழன்றுகொள்ளும் என்பதால் அதையும் கம்பியால் கட்டி வையுங்கள்.

பட்டறையில் வேலை நடக்கும்போது அருகில் நின்று கவனியுங்கள். நல்ல தொழிலாளி உங்கள் கேள்வியைத் தவறாக நினைக்க மாட்டார். ஹப்பை அழுத்தி எடுக்கும்போது உள்வளையத்தின் ஒரு பாதி ஹப்பிலேயே தங்கிவிடும். அதைப் புல்லரால் எடுக்க வேண்டும், அல்லது கிரைண்டரால் பாதி ஆழம் அறுத்து உளியால் விரிசல் விட வேண்டும், ஹப்பின் வழுவழுப்பான தண்டில் கீறல் விழாமல். சர்க்ளிப்பை எடுத்துப் பழைய பேரிங்கைத் தள்ளிய பிறகு நக்கிளின் துளையை விரலால் தடவிப் பாருங்கள். பழைய வெளிவளையம் துளைக்குள்ளேயே சுழன்றிருந்தால் சுவர் பளபளத்து, வரி விழுந்து, தளர்ந்திருக்கும். அந்தத் துளையில் பஞ்ச் வைத்துப் புள்ளி புள்ளியாக அடித்து இறுக்கம் வரவழைப்பது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அதை நான் ஏற்பதில்லை. அந்தப் புள்ளிகள் நசுங்கியதும் பேரிங் மீண்டும் சுழலும். தளர்ந்த நக்கிளை மாற்றுவதே வழி.

புதிய பேரிங்கை இறக்கும்போது பிரஸ்ஸின் அழுத்தம் வெளிவளையத்தின் மேல் மட்டும் விழ வேண்டும். பழைய பேரிங்கின் வெளிவளையத்தை ஓரம் தேய்த்து அதற்கான அச்சாகப் பயன்படுத்தலாம். சர்க்ளிப்பைப் பூட்டிய பிறகு, உள்வளையத்துக்குக் கீழே குழாய்த் துண்டால் முட்டுக் கொடுத்து ஹப்பை அழுத்த வேண்டும். அந்த முட்டு இல்லாமல் நக்கிளைத் தாங்கி ஹப்பை இறக்கினால், சுத்தியலால் செய்யும் அதே சேதத்தைப் பிரஸ் இன்னும் அமைதியாகச் செய்துவிடும். முந்தைய இரவு புதிய பேரிங்கை நன்றாகச் சுற்றி ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் வைத்திருந்தால் வேலை எளிதாகும். 70 மி.மீ. விட்டமுள்ள எஃகு வளையம் 50 டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 0.04 மி.மீ. சுருங்கும், இறுக்கிப் பொருத்தும் வேலையில் அது கணிசமான உதவி. பேரிங்கைச் சூடாக்குவது மட்டும் கூடாது, உள்ளிருக்கும் கிரீஸும் சீலும் கெடும்.

மீண்டும் பூட்டும்போது மிகவும் கவனிக்க வேண்டியது ஆக்சில் நட். இரண்டு பாதிகளாக உள்ள உள்வளையத்தைச் சேர்த்து நெருக்கிப் பிடிப்பது அந்த நட்டின் இறுக்கமே. குறைவாக இறுக்கினால் பாதிகள் விலகி, புதிய பேரிங் விரைவில் ஆடத் தொடங்கும். இறுக்க அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். பல கார்களுக்கு 150 முதல் 250 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் மாடலுக்கான சரியான எண்ணை சர்வீஸ் கையேட்டில் பார்த்து, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். சக்கரம் தரையைத் தொடும் முன்பே, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, இதைச் செய்து முடிக்க வேண்டும். இறுக்காத பேரிங்கின் மேல் வண்டியின் பாரம் ஏறக் கூடாது. பிறகு நட்டின் ஓரத்தை மழுங்கிய உளியால் பள்ளத்துக்குள் மடக்குங்கள். எல்லாம் பூட்டியதும், வண்டியை நகர்த்தும் முன், பிரேக் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். ஸ்ட்ரட் போல்ட்டுகளைத் தொட்டிருப்பதால் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்; நூறு கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளின் இறுக்கத்தை மறுபடி சோதியுங்கள். மறுபக்க பேரிங் நன்றாக இருந்தால் அதைச் சேர்த்து மாற்ற வேண்டியதில்லை. பிரேக் பேடுகளை இருபக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பது போன்ற விதி பேரிங்குக்கு இல்லை.

கேள்வி: 2024 டிசம்பர் மழையில் பின்சக்கர இயக்கமுள்ள என் பழைய ஜீப் வகை வண்டி வெள்ளத்தில் நின்றது. இப்போது முன் சக்கரத்தில் கரகரப்பு. கிரீஸ் அடித்தால் போதுமா? (ஊத்தங்கரை வாசகர்)

ஃபெஞ்சல் புயலை ஒட்டி உங்கள் ஊரில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டி, நிறுத்தியிருந்த வாகனங்களே அடித்துச் செல்லப்பட்ட அந்த நாளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளத்தில் ஹப் மூழ்கிய வண்டிகளில், நீர் வடிந்த உடனேயே பேரிங்கைப் பார்த்திருக்க வேண்டும். சீலைத் தாண்டி உள்ளே போன சேற்று நீர் கிரீஸோடு கலந்து அதை வெண்மையாக்கிவிடும். பிறகு துரு பிடித்து உருளைகளின் முகத்தில் புள்ளிகள் விழும்.

உங்கள் வகை வண்டியின் முன் ஹப்பில் பெரும்பாலும் கூம்பு உருளை பேரிங்குகள் இரண்டு, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருக்கும். இவற்றைப் பிரஸ் இல்லாமல் வீட்டிலேயே மாற்றலாம். ஹப்பின் மூடியை எடுத்து, காட்டர் பின்னையும் (நட் சுழன்றுவிடாமல் பூட்டும் கம்பி) நட்டையும் கழற்றினால் ஹப் வெளியே வந்துவிடும். பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, உருளைகளையும் ஹப்புக்குள் பதிந்திருக்கும் கிண்ண வளையங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். துருப் புள்ளி, செதில், சூட்டில் ஏறிய நீலநிறம் ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் புதிய கிரீஸ் அதைக் காப்பாற்றாது. மாற்றும்போது உருளைப் பகுதியையும் கிண்ணத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இந்தக் கிண்ணத்தைப் பித்தளைக் கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கலாம். முந்தைய பதிலில் சுத்தியலைத் தடுத்தேன் என்றால், அங்கே விசை குண்டுகளின் வழியே சென்றது, இங்கே கிண்ணம் தனியாக இருக்கிறது.

சக்கர பேரிங்குக்கு உரிய லித்தியம் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, உருளைகளின் இடுக்கு வழியே மறுபக்கம் பிதுங்கி வரும்வரை அழுத்தி நிரப்புங்கள். ஹப்புக்குள் இருக்கும் வெற்றிடம் முழுவதையும் கிரீஸால் அடைத்தால் சூடு ஏறும். ஆயில் சீலைப் புதிதாகப் போடுங்கள்; பழையதை மீண்டும் பூட்டினால் அடுத்த மழையில் இதே கதைதான். கடைசியாக, சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சுழற்சி சற்றுக் கனத்ததும் தளர்த்தி, பிறகு விரல் பலத்தால் மட்டும் இறுக்கி, காட்டர் பின் துளை பொருந்தும்வரை மிகச் சிறிதளவு பின்வாங்குங்கள். இவ்வகை பேரிங்கில் மிகச் சிறிய ஆட்டம் இருப்பதே சரி. ஆக்சில் நட்டைப் போல முழு பலத்தோடு இறுக்கினால் சில கிலோமீட்டரிலேயே ஹப் தொட முடியாதபடி கொதிக்கும்.

கேள்வி: முன் பேரிங் மாற்றியதிலிருந்து டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை. பேரிங்குக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் என்ன தொடர்பு? (ஓசூர் வாசகர்)

நேரடித் தொடர்பு உண்டு. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். பல மாடல்களில் சக்கரத்தின் வேகத்தைச் சென்சாருக்குக் காட்டும் காந்த வளையம் பேரிங்கின் ஒருபக்கச் சீலிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் பேரிங்கைத் திருப்பிப் போட்டிருக்கலாம், அல்லது காந்த வளையம் இல்லாத பேரிங்கைப் பூட்டியிருக்கலாம். சென்சார் ஒயர் அறுந்திருக்கவும் இடமுண்டு என்பதால் முதலில் ஸ்கேனர் உள்ள பட்டறையில் எந்தச் சக்கரத்தின் சிக்னல் வரவில்லை என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒயரும் இணைப்பும் சரியாக இருந்தால் பேரிங்கைத்தான் வெளியே எடுக்க வேண்டும். ஒருமுறை அழுத்தி எடுத்த பேரிங்கைத் திருப்பி மறுபடி போடக் கூடாது, புதியது வாங்க வேண்டியிருக்கும். பூட்டும் முன் பக்கத்தைக் கண்டுபிடிக்க, லேசான குண்டூசியையோ பேப்பர் கிளிப்பையோ இரு பக்கச் சீலுக்கும் அருகில் கொண்டு செல்லுங்கள்; ஈர்க்கும் பக்கமே சென்சார் பக்கம். வலுவான காந்தத்தை, போல்ட்டுகளைப் போட்டு வைக்கும் காந்தத் தட்டையும் சேர்த்து, அந்தப் பேரிங்கின் பக்கத்தில் வைக்கக் கூடாது.